தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அதைக் கேட்டபோது, அடுப்பில் ரசம் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று நான் ரசமே வைக்கவில்லை. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டாக வேண்டும் அவருக்கு. அவரை எதிரில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி உனக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். மீனாவும் வாசிக்கட்டும். கல்யாணமாகி முதல் குளிர்காலத்தை வேற்றூரில் கழிக்கிற பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

நீ கேட்டதை அப்படியே எழுதுகிறேன், நான் சரியாகத்தான் கேட்டேனா என்று நீயே பார். "இன்னொரு மார்கழியை அப்பா அந்தக் குகைக்குள்ள கழிக்க வேண்டாம்மா. வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் எங்ககூட வந்துருங்க. பூட்டுன வீட்டுக்கு என்ன ஆகப் போகுது?" இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. போன மார்கழியில் தென்காசி ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு உன் அப்பா படுத்திருந்ததையும், பெங்களூரு பஸ்ஸை விட்டு இறங்கிய சட்டையோடு நீ வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் நான் மறக்கவில்லை. இன்னொரு முறை அப்படி ஆனால் மனிதர் திரும்பி வருவாரா என்று நீ வாய்விட்டுக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் இந்த வருஷம் முழுக்க நம் இரண்டு பேர் மனத்திலும் அந்த ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

குகை என்று நீ சொன்னது தப்பே இல்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கே அப்படித்தான் இருந்தது. வடக்குப் பார்த்த வீடு கிடைப்பது பாக்கியம், குபேரன் திசை என்று உன் தாத்தா பெருமையாகக் கட்டியது. மேற்கே பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர். கிழக்கே ஒரு ஆள் நுழைகிற சந்து, அதற்கு அடுத்தாற்போல் மாடி வீடு. அடுப்படிக் கதவுகூட அந்தச் சந்துக்குள்தான் திறக்கும். தெற்கே கிணற்றடியும் துணி காயப்போடும் கொடியும் இருந்தும், அந்தப் பக்கத்துச் சுவரில் ஒரு துவாரம்கூட வைக்காமல் தாத்தா அடைத்துக் கட்டியிருந்தார். தெற்கு எமன் திசை, அந்தப் பக்கம் வீட்டைத் திறந்து வைக்கலாமா என்பது அவர் எண்ணம். அவர் மட்டுமல்ல, இலஞ்சியில் அந்தக் காலத்தில் வீடு கட்டிய பாதிப் பேர் அப்படித்தான் கட்டினார்கள். ஆக, வாடைக் காற்று வடக்கு வாசல் வழியாகத் தாராளமாக உள்ளே வரும். வெயில் மட்டும் எந்தப் பக்கமும் வராது.

வந்த புதிதில் ஒரு நாள் உன் அப்பாவிடம், "பின்னறை இருட்டாவே இருக்கு" என்றேன். அன்று சாயங்காலம் கடை அடைத்து வரும்போது பெரிய பல்பாக ஒன்று வாங்கி வந்து மாட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பல்பு பிரகாசமாகத்தான் எரிந்தது. நானும் சிரித்தேன். ஆனால் நான் சொன்ன இருட்டு அது இல்லை. பகலில் வீட்டுக்குள் இருக்கும்போது வெளியே மணி என்ன, மழை வருமா, துணி காய்ந்திருக்குமா என்று ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேனே, அந்த இருட்டு. அதை விளக்கிச் சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. போன வாரம் மீனா என்னிடம், "அத்தே, பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுதான் வெங்காயம் அரியுதேன்" என்றாள். பின்னாலிருந்து நீ, "அதான் புதுசா எல்.இ.டி. மாட்டித் தந்தேன்ல" என்று கத்தியது எனக்கும் கேட்டது. எய்யா, அவள் சுந்தரபாண்டியபுரத்துப் பிள்ளை. கண்ணுக்கு எட்டுகிற தூரம் சூரியகாந்தி பூத்துக் கிடக்கிற ஊரில் வளர்ந்தவள். அவளுக்கு இன்னொரு பல்பு வேண்டாம். என்ன குறை என்று பக்கத்தில் உட்கார்ந்து கேள். கேட்டு முடிக்கும் வரைக்கும் கடைக்குக் கிளம்பாதே.

குளிர் காலத்தில் வீட்டைக் காப்பது என்றால் மூடி வைப்பது என்றே நான் நினைத்திருந்தேன். கார்த்திகை பிறந்தாலே கிழிந்த வேட்டியைச் சுருட்டி வாசல் நிலையின் அடியில் செருகுவேன். இருக்கிற இரண்டு ஜன்னலையும் சாத்தி, விளக்கேற்றி, ஏழு மணிக்கு வாசல் கதவையும் சாத்தினதும் தட்டில் கங்கு எடுத்துச் சாம்பிராணி போட்டு அறை அறையாகக் காட்டுவேன். வீடு கதகதப்பாகவும் இருக்கும், தெய்வ வாசனையாகவும் இருக்கும் என்று எனக்கு அதில் அவ்வளவு திருப்தி. உன் அப்பாவுக்கு மூச்சு இளைப்பு கூடக்கூட, இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போட்டேன். சளிக்கு நல்லது என்று எண்ணினேன். போன மார்கழியில் அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது அப்படிப் புகை காட்டி முடித்த ஒரு சாயங்காலம்தான். இது உனக்குத் தெரியாது. டாக்டர் என்னிடம், "யாரும்மா வீட்ல புகை போடுதது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் திட்டவில்லை. "சாமிக்கு ஒரு பூ வையுங்க, போதும். இவருக்குப் புகையும் ஆகாது, ஈரமும் ஆகாது. படுக்குத ரூம்ல வெயில் படுதா?" என்றார். எனக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் ஊசி மாதிரி உள்ளே இறங்கியது. அந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். அந்த அறைக்குள் ஒரு நாள்கூட நான் வெயிலைப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, நீயும் ஊருக்குப் போன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுக் கிணற்றடியில் தலை காயவைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தெற்குச் சுவரில் முதுகைச் சாய்த்திருந்தேன். சுவர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்த மாதிரி இதமாக இருந்தது. அப்படியே கண்ணை மூடினேன். அப்போது உள்ளேயிருந்து உன் அப்பா இருமினார். நான் சாய்ந்திருந்த அதே சுவர். இந்தப் பக்கம் நான் வெயில் காய்கிறேன், அந்தப் பக்கம் மனிதர் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறார். நடுவில் செங்கல். எழுந்து உள்ளே போய் அதே சுவரை உள்பக்கம் தொட்டுப் பார்த்தேன். மண்பானையைத் தொட்டது போல ஜில்லென்று, விரலில் ஒட்டுகிற ஈரத்தோடு இருந்தது.

எனக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். பொட்டலம் கட்டி வருகிற தாள், கோயில் நோட்டீஸ், பஞ்சாங்கம் என்று கையில் கிடைத்ததை வாசித்து, வீட்டுக் கணக்கை எழுதிப் பழகிக்கொண்டவள். பஞ்சாங்கத்தில் ஆடி தொடங்கித் தட்சிணாயனம், தை தொடங்கி உத்தராயணம் என்று போட்டிருக்கும். சூரியன் ஆறு மாதம் தெற்கே போகிறான், ஆறு மாதம் வடக்கே வருகிறான் என்று வருஷா வருஷம் வாசித்திருக்கிறேன். பொங்கலன்று அவனுக்குப் படைத்தும் இருக்கிறேன். ஆனால் அது என் வீட்டுச் சுவரைப் பற்றிய விஷயம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. சித்திரை வைகாசியில் வடகம் பிழிந்தால் உச்சி வெயில் நேர் மேலே நிற்கும். இந்தச் சுவரில் வெயில் சாயாது. மார்கழியில் சூரியன் தெற்கே சரிந்து போவான். பகல் முழுக்க இந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். குளிருகிற மாதத்தில் மட்டும் உள்ளே வந்து, சுடுகிற மாதத்தில் வராமல் இருக்கிற வெயில். பகவான் அவ்வளவு கணக்காக அனுப்பி வைத்ததை நாம் சுவர் வைத்து மறித்திருக்கிறோம்.

மறுநாள் காலையில் உன் அப்பாவுக்கு இட்லி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன். "தெக்குச் சுவத்துல ஒரு ஜன்னல் வைப்பமா?"

வாயில் இருந்ததை மென்று முடித்தார். "எந்தச் சுவத்துல?"

"உங்க கட்டிலு பக்கம்."

"ஏட்டி, எனக்கு முடியலன்னு ஊரே வந்து பாத்துட்டுப் போகுது. நீ என்னன்னா எமன் வாரதுக்கு வழி வெட்டணும்னு சொல்லுத."

"எமனுக்கு ஜன்னல்தான் வேணுமாக்கும்? வாசக்கதவு தெனமும் தொறந்துதான கெடக்கு."

"வாசல் வழியா வந்தா உன்னையத் தாண்டி வரணும். நீ கணக்குக் கேட்டே ஆளைத் திருப்பி அனுப்பிருவ. ஜன்னல்னா நேரா என் தலமாட்டுலல்லா வந்து நிப்பாரு."

விளையாட்டுப் போலத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அந்த இட்லியைத் தொடவில்லை. நம் வரிசையில் ஒருத்தர் தெற்கே ஜன்னல் திறந்த வருஷமே போய்ச் சேர்ந்தார் என்ற பேச்சு அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளே கிடக்கிறது. போய்ச் சேர்ந்தவருக்கு வயதும் ஆகியிருந்தது, சர்க்கரையும் இருந்தது என்று நான் சொன்னால், "அதுக்கு முன்னாடி வருஷமும் சர்க்கரை இருந்துச்சுல்லா" என்பார். பயந்த மனிதரிடம் கெட்டிக்காரத்தனமாகப் பேசி ஜெயிப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை, தம்பி. அதை நீ உன் வீட்டிலும் பார்த்துக்கொள். எனக்குள்ளும் பயம் இல்லாமல் இல்லை. நான் சாமி கும்பிடுகிறவள். நல்ல நாள், சகுனம், திசை எல்லாம் பார்க்கிறவள். ஜன்னலைத் திறந்து வைத்து, அவருக்கு ஒன்று ஆகிவிட்டால், ஊர் என்னைச் சொல்வது இருக்கட்டும், நானே என்னை விடமாட்டேன். அதனால் வற்புறுத்தாமல் விட்டுவிட்டேன். குமாரன் கோயிலில் போய், எனக்கு ஒரு வழி காட்டு முருகா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வழி, நம் தெருக்கோடியில் இருக்கிற சின்னச் சிவன் கோயிலில் கிடைத்தது. தை மாதம், வியாழக்கிழமை. கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார்கள் என்று உன் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போயிருந்தேன். நான் உள்ளே அர்ச்சனை முடித்து, சுண்டல் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். சுற்றி வந்தால், தட்சிணாமூர்த்தி சந்நிதிக்குப் பக்கத்தில் கல்லில் சாய்ந்துகொண்டு, துண்டை எடுத்து மடியில் வைத்துவிட்டு, சுகமாக உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரமாக இருமல் சத்தமே இல்லை.

"இங்கன வந்து ஏன் உக்காந்தீங்க?" என்றேன்.

"கல்லு சூடா இருக்கு. மார்கழி, தையில நான் எப்பவும் இங்கனதான உக்காருவேன். நீ பாத்ததில்லையா?"

நான் சந்நிதியைப் பார்த்தேன். கல்லால மரத்தடியில், ஒரு கையில் தீயை ஏந்திக்கொண்டு, முகத்தில் வெயில் விழ, சாமி தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். உன் அப்பாவும் என் கண் போன திக்கில் பார்த்தார். கொஞ்ச நேரம் சுண்டலைத் தின்றார். பிறகு, "இவருக்குத் தெக்கு ஆகுமாக்கும்" என்றார்.

"அமாவாசைக்கு அருவிக்கரையில நின்னு நீங்க எந்தப் பக்கம் பாத்து எள்ளும் தண்ணியும் விடுதீங்க?"

"தெக்கதான்."

"மாமா அந்தப் பக்கம்தான இருக்காக. எமன் மட்டுமா இருக்கான்? மகன் எப்படி இருக்கான்னு அவுக எட்டிப் பாக்கதுக்கு இந்த வீட்ல ஒரு ஓட்டை வச்சோமா நாம?"

அவர் அப்பாவைப் பற்றிப் பேசினால் உன் அப்பா எப்போதும் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்றும் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் பாதித் தூரம் போனதும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "சின்ன ஜன்னலா இருக்கட்டும்" என்றார்.

சரி என்று சொன்னாரே தவிர, உடனே கொத்தனாரைக் கூப்பிட விடவில்லை. மாசியில் வெயில் வந்துவிட்டது, என்ன அவசரம் என்றார். ஆனியில் சாரல் அடிக்கும்போது சுவரை இடிக்கலாமா என்றார். புரட்டாசி என்றார். நானும் விடவில்லை. ஆயுத பூஜை கழிந்து மழைக்கு முன்னால் கிடைத்த நாளில் மாடசாமிக் கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். அவர் முதலில் உன் அப்பாவிடம், "அண்ணாச்சி, நல்லா யோசிச்சுதான் சொல்லுதீங்களா? பொறவு என்னையச் சொல்லப்படாது" என்றார். உன் அப்பா, "இடிக்கது நீரு, இடிக்கச் சொல்லுதது அவ. நான் எதிலயும் சேத்தி இல்ல வே" என்றார். ஜன்னலுக்கு மேலே வழக்கம் போல அகலமாக சன்ஷேடு போட அவர் அளந்தார். மழைக்குப் போதும் என்கிற அளவுக்குக் குறைக்கச் சொன்னேன். "ஆச்சி, வெயில் உள்ள அடிச்சிரும்" என்றார். "அதுக்குத்தான இவ்வளவும்" என்றேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்பது உன் அப்பாவின் நிபந்தனை. "சரியா வரலன்னா திரும்பச் செங்கலை வச்சு அடைச்சிருவோம். பயலுக்குத் தெரிஞ்சா சிரிப்பான்" என்றார். அதனால்தான் இத்தனை நாள் உனக்கு மறைத்தோம்.

சுவர் திறந்த அன்று நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். வெளிச்சம் உள்ளே வந்ததும் நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தினமும் கூட்டித் துடைத்து, இலஞ்சியிலேயே சுத்தமான வீடு நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். பீரோவுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கருப்புப் பூசணம் பூத்துக் கிடந்தது. பரணில் நூலாம்படை பந்தல் மாதிரி தொங்கியது. காற்றில் மிதக்கிற தூசி, அந்த வெயில் கீற்றுக்குள் மாவு சலித்தது போலத் தெரிந்தது. உன் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத்தன வருசமா இதையா மூச்சுல இழுத்தேன்" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் அன்று சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து பீரோவை நகர்த்தி, பூசணத்தைச் சுரண்டித் துடைத்து, காயவிட்டு, சுண்ணாம்பு அடிக்கச் செய்தேன். அந்த வேலை நடந்த நாள் முழுக்க அவரை முன்னறையில் மூக்கில் துண்டைக் கட்டி உட்கார வைத்திருந்தேன். பழைய பஞ்சு மெத்தை, உன் சின்ன வயது ரஜாய், நினைவுக்கு என்று வைத்திருந்த துணி மூட்டைகள் எல்லாம் வெயிலைப் பார்த்தன. மணம் மாறாத சிலதைத் தூர எறிந்தேன். வீட்டை வெளிச்சமாக்க நினைத்தால் முதலில் கண்ணில் படுவது நம் அழுக்குத்தான், மீனா. அதற்குப் பயந்து திரையை இழுத்து விட்டுவிடாதே.

வெயில் முதல் நாள் ஜன்னலை ஒட்டி ஒரு முழத்துக்குத்தான் தரையில் விழுந்தது. இதற்கா இவ்வளவு பாடு என்று கொத்தனாரே நினைத்திருப்பார். கார்த்திகை பிறந்ததும் கட்டில் காலைத் தொட்டது. மழை விட்ட நாளெல்லாம் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது. இப்போது மார்கழியில், குளித்துவிட்டு வந்து உட்கார்கிறவருக்கு மடி வரைக்கும் வருகிறது. அவர் அதற்கு நேரம் வைத்துக்கொண்டு, பேப்பரோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார். ஒன்றில் நான் ஏமாந்தேன். கிணற்றடிக்கு அந்தப் பக்கத்து மனைக்காரர் மொட்டை மாடியில் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பதை நான் யோசிக்கவே இல்லை. நல்ல வெயில் நேரத்தில் அதன் நிழல் கட்டிலின் குறுக்கே வந்து நிற்கும். அப்போது மனிதர் என்னைக் கூப்பிட்டுக் கட்டிலை நகர்த்தச் சொல்கிறார். "எமனுக்குப் பயந்தீங்க, இப்ப தொட்டிக்குப் பயப்படுதீங்க" என்றால், "எமன் ஒரு தடவதான் வருவாரு, இந்தத் தொட்டி தெனமும்லா வருது" என்கிறார்.

மற்றதும் மாறித்தான் இருக்கிறது. சாம்பிராணியை விட்டுவிட்டேன், குத்துவிளக்குக்கு ஒரு முழம் மல்லிகை அல்லது பிச்சி. வடக்கு வாசலை விளக்கேற்றும்போது திறந்து, கும்பிட்டு முடித்ததும் சாத்திவிடுகிறேன். முன்பெல்லாம் ஏழு மணி வரைக்கும் திறந்து வைத்து, வாடையில் அவரை நடுங்க விடுவேன். மகாலட்சுமி உள்ளே வந்த பிறகு கதவைச் சாத்தினால் அவளுக்கும்தானே குளிராது. பகலில் வெயில் இருக்கிறவரைக்கும் எல்லாவற்றையும் திறந்து ஈரத்தை வெளியேற்றுகிறேன். வெயில் இறங்குமுன் சாத்தி, வந்த சூட்டை உள்ளே வைத்துக்கொள்கிறேன். முன்பு மூடி மூடி வைத்தபோது நின்றது சூடு இல்லை, ஈரம்தான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்யுங்கள். துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். எந்த அறையில் எந்த நேரம் வெயில் வருகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சும்மா இருந்து பாருங்கள். வருகிற இடத்தில் டி.வி.யை வைத்திருந்தால் அதைத் தூக்கிவிட்டு, அங்கே மீனாவின் வெங்காயக் கூடையை வையுங்கள்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். நடக்காததை நடந்ததாகச் சொல்ல மாட்டேன். உன் அப்பாவுக்கு இளைப்பு போய்விடவில்லை. வாயில் வைத்து மருந்து இழுக்கிற பம்பு இன்னும் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மருந்து ஒரு வேளைகூட விடவில்லை. ஆனால் இந்த மார்கழியில் இதுவரைக்கும் அவசரமாக ஆட்டோ பிடிக்க வேண்டி வரவில்லை. படி ஏறினால் பேச்சு நிற்கிறது, முன்பு போல உதடு நீலம் பாயவில்லை. போன வாரம் டாக்டர் முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, போன வருஷத்துக்கு இது எவ்வளவோ தேவலை, மருந்தை மட்டும் விட்டுராதீங்க என்றார். கோயில் வரைக்கும் கைத்தாங்கல் இல்லாமல் போகிறார். திரும்பி வரும்போது நான்தான் மெதுவாக நடக்கிறேன் என்று குறை சொல்கிறார். ஆகவே மார்கழிக்கு நாங்கள் வீட்டைப் பூட்டப் போவதில்லை, தம்பி. தையில் நீங்கள் இரண்டு பேரும் இங்கே வாருங்கள். நான் எழுதினதை நம்ப வேண்டாம். அந்தக் கட்டிலில் நீயே ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்.

ஆனால் கணக்கு எழுதுகிறவள் வரவை மட்டும் எழுதிவிட்டுப் பக்கத்தை மூடமுடியாது. அந்த ஜன்னல் சாரலுக்கு உதவாது. ஆனி, ஆடியில் சூரியன் வடக்கேதான் இருப்பான். அவனையும் மேகம் மறைத்துக்கொள்ளும். மலையிலிருந்து இறங்குகிற ஈரம், அரிசிப் பானைக்குள்ளும் வந்துவிடும். போன ஆடியில் அவருக்கு இரண்டு முறை முடியாமல் போனதை நான் உனக்குப் பாதிதான் சொன்னேன். நீ பயந்ததில் பாதி சரி. அதை நான் ஒத்துக்கொள்ளாமல், ஜன்னல் வைத்துவிட்டேன் என்ற பெருமையில் அவரை அந்த ஈரத்தில் வைத்திருந்தால் அது பிடிவாதம். அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். சாரல் தொடங்கினதும் நாங்கள் உங்களிடம் வந்துவிடுகிறோம். ஆவணியில் திரும்பிவிடுவோம். ஊர் உலகமெல்லாம் குளிக்கக் குற்றாலத்துக்கு வருகிற நேரத்தில் நாங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போவோம். பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இதை உன் அப்பாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். உடனே ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்து, டப்பாவில் மிச்சமிருந்த முறுக்கை எல்லாம் அவர் தட்டிலேயே வைத்துவிட்டுச் சொன்னேன். வெயிலில் காலை நீட்டிக்கொண்டார்.

"அவன் வீட்ல நமக்குன்னு வச்சிருக்க ரூம்ல தெக்கு ஜன்னல் இருக்கான்னு கேட்டு எழுது" என்றார்.

"ஆனியில தெக்கு ஜன்னலுக்கு வெயிலு வராதுங்க. சூரியன் வடக்கல்லா இருப்பான்."

"அப்ப வடக்க இருக்கான்னு கேளு. எந்தப் பக்கமா இருந்தா எனக்கென்ன, வெயிலு வந்தாச் சரி."

கேட்டுவிட்டேன். பார்த்து எழுது. இருந்தால், இப்போதே கட்டிலை அதன் முன்னால் நகர்த்திப் போடு.

உங்கள் இரண்டு பேரையும் எப்போதும் நினைக்கிற,
அம்மா